மூன்றாவதில் படிக்க மட்டும்

"பெரிய எழுத்து கே. அப்புறம் ஏழு. அப்புறம் அந்தக் கொக்கி மாதிரி இருக்குமே, அது."

"எந்தக் கொக்கிம்மா? அடைப்புக்குறியா, கேள்விக்குறியா?"

"கொக்கின்னா கேள்விக்குறிதானடி. உன்னையெல்லாம் யாரு இன்ஜினியர்னு சொன்னது?"

மகள் தட்டினாள். அம்மா கட்டிலில் சாய்ந்து, இடது கையைத் தலையணை மேல் நீட்டி வைத்துக்கொண்டு, இரண்டாவது ஆஸ்பத்திரியிலிருந்து கைபேசிக்கு வந்திருந்த புதிய பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். டயாலிசிஸ் ஊசியை அந்தக் கையில்தான் குத்துவார்கள். அன்று ஊசி நரம்பை விட்டு விலகியதில் கை வீங்கி, முழங்கை வரை நீலம் பாரித்திருந்தது. அதனால் அம்மா சொல்ல, மகள் தட்ட, அம்மா எழுதிய ஸ்கிரிப்டில், அந்தக் கம்ப்யூட்டர் நிரலில், ஒரே ஒரு வரி மாறியது. சேமித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு நேரேயும் பச்சைப் புள்ளி, இணைப்பு இருக்கிறது என்று.

"மூணு சம்பந்தியும் இன்னைக்குச் சமாதானம்," என்றாள் அம்மா. "வியாழக்கிழமை எனக்கு டயாலிசிஸ் கிடையாது. மூணாவது ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடணும். ஞாபகப்படுத்து."

"ஃபோன்லயே முடிச்சுடலாமே."

"நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். எழுதற அனுமதி. எத்தனை மாசமாத் தள்ளிப் போட்டுட்டு இருக்கேன்."

மகள் சரி என்றாள். லேப்டாப்பை மூடிச் சுவரோரம் வைத்தாள். அம்மா உதட்டை நனைத்துக்கொள்ள ஒரு ஐஸ் துண்டு கேட்டாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை இதுதான். அப்போது அது அலுப்பாகத்தான் இருந்தது.

அம்மாவின் அலுவலகம் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவானது. ஒரு மருந்து கோடவுனின் மேல்தளத்தில், தகரத் தடுப்பு போட்ட நீளமான அறை. ஜன்னலைத் திறந்தால் லாரி இரைச்சல், மூடினால் ஸ்பிரிட் வாடை. சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அங்கிருந்துதான் நடந்தது. நோயாளி எந்த ஆஸ்பத்திரியில் பதிந்திருந்தாலும் வரிசை ஒன்றுதான். ரத்த வகை பொருந்தினால், முதலில் பதிந்தவருக்கு முதலில் அழைப்பு. தன் எண்ணைத் தட்டினால் யாரும் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு இணையப் பக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களும் அதே பக்கத்தைப் பார்த்துத்தான் அழைப்பார்கள். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஓடிய ஸ்கிரிப்டை எழுதியவள் அம்மா.

டிப்ளமோ முடித்ததும் டேட்டா என்ட்ரி வேலைக்கு அங்கே வந்தவள். பக்கத்தைத் தொடங்கிவைத்த ஆள் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட, யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த யாராவது அம்மா ஆனாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. மூன்று ஆஸ்பத்திரிகளிலும் அவளுக்குக் கனெக்‌ஷன் அக்கா என்று பெயர். நேரில் பார்க்காதவர்களும் குரலை வைத்தே அடையாளம் சொல்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், மூன்று ஆஸ்பத்திரிகளும் மூன்று வகை டேட்டாபேஸ் வைத்திருந்தன. முதலாவதில் காசில்லாமல் கிடைக்கும் சாதாரண வகை. பெயர் சொன்னால் கதவு திறக்கும். இரண்டாவதில் விலை கொடுத்து வாங்கிய பெரிய வகை. அதை அம்மா வாட்ச்மேன் வைத்த பங்களா என்பாள். எந்த சர்வர், எந்த வாசல், யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் சொல்ல வேண்டும். பாஸ்வேர்ட் வேறு மாதாமாதம் மாறும். மூன்றாவது ஒண்டுக்குடித்தனம். ரெக்கார்டு ரூமில் ஒரு மேசைக் கம்ப்யூட்டருக்குள் எல்லாம் ஒரே ஃபைலாகக் கிடந்தது. அதை அங்கிருந்த கிளார்க் வேறு யாரும் நுழைய முடியாதபடி திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், இங்கே புள்ளி சிவப்பாகிவிடும். அம்மா ஃபோன் போடுவாள். "சார், நடுவாசல்ல படுத்துக்கிட்டீங்க. கொஞ்சம் நகந்து படுங்க, நாங்களும் உள்ள வரணும்ல."

டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர், அதாவது இணைப்பு மென்பொருள், போட்டால், ஸ்கிரிப்டுக்குள் மூன்றையும் ஒரே மாதிரிக் கூப்பிடலாம். ஆனால் கேள்வி கேட்பது அப்படி இல்லை. பட்டியலில் முதல் பத்துப் பேரைக் கொடு என்பதை மூன்றும் மூன்று விதமாகக் கேட்கச் சொல்லும். ஒன்றில் வாக்கியத்தின் கடைசியில் சொல்ல வேண்டும், ஒன்றில் தொடக்கத்தில், ஒன்றில் நடுவில். மகள் கல்லூரியில் இதைப் படித்துவிட்டு வந்தபோது அம்மா சொன்னாள்: "சாவி ஒண்ணுதான்டி. உள்ள போனா அவங்கவங்க பாஷைலதான் பேசணும். சம்பந்தி வீட்டுக்குத் தூது போற மாதிரி. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட அப்படியே சொன்னா ரகளைதான்."

மூன்றாவதில் இன்னொரு சங்கடம். மற்ற இரண்டிலும் அம்மாவின் ஸ்கிரிப்டுக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி இருந்தது. மூன்றாவதில் படிக்க மட்டும். பட்டியலில் உள்ள யாராவது இறந்துவிட்டால், எந்த ஆஸ்பத்திரியில் இறந்தாலும் ஸ்கிரிப்ட் கண்டுபிடித்துவிடும். முதல் இரண்டில் பதிந்தவர் என்றால் தானே போய் அந்தப் பெயரை நீக்கிவிடும். மூன்றாவதில் பதிந்தவர் என்றால் அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை மெயில் அனுப்பும். அம்மா அந்த கிளார்க்கைக் கூப்பிட்டு எண்ணைச் சொல்வாள். அவர் கையால் நீக்குவார். அவருக்கு அம்மா வைத்திருந்த பெயர் சாய்கோடு. தேதி அடிக்கும்போது நாள், மாதம், வருடம் மூன்றுக்கும் நடுவில் சாய்ந்த கோடு போடுவது அவர் பழக்கம். மற்ற இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் தேதி தேதியாகவே பதிவாகும். மூன்றாவதில் மட்டும் அவர் அடித்த எழுத்துகள் எழுத்துகளாகவே கிடந்தன.

அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு வந்து, அதை அலட்சியம் செய்து, சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவளும் பதிந்துகொண்டாள். வீட்டுக்குப் பக்கம் மூன்றாவது ஆஸ்பத்திரிதான். "டிக்கெட் குடுக்கிறவளே கியூவுல நிக்கிற மாதிரி ஆயிடுச்சு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். கம்ப்யூட்டர் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதில் அம்மாவின் இடம் தெரியும் என்பது. தினமும் வேனை எடுப்பதற்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்.

"இன்னைக்கு எத்தனாவது?"

"ரெண்டாவது."

"நேத்தும் ரெண்டாவதுதானே?"

"பின்ன, நடுவுல இருக்கிறவரைப் புடிச்சுத் தள்ளவா சொல்றீங்க?"

பதிந்து சில மாதங்களுக்குள்ளேயே அவள் ரத்த வகையில் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டாள். அப்பா அதை நல்ல நேரம் என்றார். கதவுக்குப் பின்னால் ஒரு பையைத் தயாராக வைத்தார். மாற்று உடை, துண்டு, பல் பிரஷ், சார்ஜர், ஆஸ்பத்திரி அட்டை. எப்போது கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டுமே.

டயாலிசிஸ் வீட்டுக்கு அருகே ஒரு சிறிய மையத்தில் நடந்தது. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி ஒரு டெய்லருக்கு. ஒல்லி ஆள், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அதை ஏன் கழற்றுவதில்லை என்று அம்மா கேட்டால், நர்சுக்கு ஊசி குத்த அளவு எடுத்துக் கொடுக்கிறேன் என்பார். இருவருக்கும் ஒரே ரத்த வகை. இருவரும் பதிந்ததும் மூன்றாவது ஆஸ்பத்திரியில்தான். அவர் அக்டோபர் இருபத்தெட்டு, அம்மா நவம்பர் மூன்று.

ஒருநாள் அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, நாம ஒரே வாரத்துல பதிஞ்சோம். நான் உங்களுக்கு முந்தி. இப்பப் பாத்தா நீங்க ரெண்டாவது, நான் ஒம்பதாவது. கல்லாப்பெட்டில உக்காந்திருக்கவங்களுக்குத் தனி வரிசையா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தூங்கியும் போனார். அம்மா தூங்கவில்லை. இயந்திரம் ஓடி முடியும்வரை மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து அவள் கண்டது இதுதான். தேதியில் சாய்கோடு இருந்தால், ஸ்கிரிப்ட் முதலில் இருப்பதை மாதம் என்று எடுத்துக்கொள்ளும். சிறு கோடு இருந்தால் நாள் என்று எடுத்துக்கொள்ளும். இருபத்தெட்டு என்று ஒரு மாதம் இல்லை. அதனால் டெய்லருடைய தேதி போன்றவை தொடக்கத்திலேயே பிழை என்று கத்தின. அவற்றை மட்டும் அம்மா பிடித்து, திருப்பிப் போட்டு, சரி செய்திருந்தாள். பன்னிரண்டுக்குள் அடங்கிய நாட்கள் கத்தவில்லை. நவம்பர் மூன்று, மார்ச் பதினொன்றாகி வாயைத் திறக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அம்மாவுக்கு ஏறக்குறைய எட்டு மாதம் இனாமாகக் கிடைத்திருந்தது.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதை அவள் சொன்னாள். அப்பா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி பண்ணா எத்தனாவது?"

"டெய்லருக்கு அடுத்து."

"அவரு?"

"எட்டாவது."

"அப்ப நீ ஒம்பதா?" அப்பா மகளைப் பார்த்தார். "என்னடா இது, உங்க அம்மா சொல்றது நிஜமா?"

மகள் ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டிருந்தாள். நிஜம் என்று தலையசைத்தாள்.

"ஒரு மாசம் கழிச்சுத் திருத்தினா என்ன?" என்றார் அப்பா. "யாரு கேக்கப் போறா? டெய்லரே விளையாட்டாத்தானே சொன்னாரு?"

"நடுவுல ஏழு பேர் இருக்காங்க."

"அந்த ஏழு பேர் உனக்கு யாரு? மாமனா, மச்சானா?"

மகள் அப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டெஸ்ட் பண்ணாம போடக்கூடாதும்மா. மூணு டேட்டாபேஸ் இருக்கு. ஒண்ணுல கை வச்சா இன்னொண்ணுல இடிக்கும். ஒரு ரெண்டு மூணு வாரம் எடுத்துப் பொறுமையா பண்ணு."

"பண்ணிட்டேன்டி," என்றாள் அம்மா. "எம் பேரை வச்சுத்தான் பண்ணேன். சரியாக் கீழ போவுது."

மறுநாள் காலை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். எத்தனாவது என்று கேட்கவில்லை. வாசலில் திரும்பி, "உலகத்துல இருக்கிற தப்பெல்லாம் உன் கண்ணுலதான் வந்து விழும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆனால் பையை எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை.

அம்மா அடுத்த வேலையாகச் சாய்கோட்டைக் கூப்பிட்டாள். இனிமேல் தேதிக்கு நடுவில் சிறு கோடு போடுங்கள் என்றாள். அவர் சரி மேடம் என்றார். இரண்டு நாள் சிறு கோடு போட்டார். மூன்றாம் நாள் கை பழைய வழிக்கே போய்விட்டது. அம்மா ஸ்கிரிப்டிலேயே இரண்டு கோட்டுக்கும் இடம் வைத்துவிட்டு, அவரைத் திட்டுவதை ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொண்டாள்.

அந்த மாதமே அவள் ரத்த வகைக்கு இரண்டு சிறுநீரகங்கள் வந்தன. பழைய வரிசை இருந்திருந்தால் இரண்டாவது அம்மாவுக்கு. வீட்டில் மூவருக்கும் இது தெரியும். அன்று அப்பா வேனைக் கழுவினார். கழுவி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கழுவினார்.

பிறகு வரிசை நத்தை மாதிரி நகர்ந்தது. மழைக்காலம் போய் வெயில் வந்தது. அம்மாவின் முகம் கறுத்தது, விரல் நகங்கள் வெளுத்தன. குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. ஒரு சின்ன பாட்டிலில்தான் முழு நாளும் ஓட வேண்டும். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். அலுவலகத்துக்குப் போக முடியாமல் கட்டிலில் இருந்தே வேலை பார்த்தாள். பிழைச் செய்திகளைச் சத்தமாகப் படித்து, பக்கத்து வீட்டு வம்பு மாதிரி விளக்கம் சொல்வாள். "பாத்தியா, பங்களாக்காரன் மறுபடி கதவைச் சாத்திட்டான். ரொம்ப நேரமா யாரும் பேசலைன்னு கோவிச்சுக்கிட்டான்." எழுதற அனுமதிக்கு மூன்றாவது ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. டயாலிசிஸ் நாளில் போக முடியாது. அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது. அதற்கு அடுத்த நாள் மறுபடியும் டயாலிசிஸ்.

ஒருநாள் மையத்திலிருந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, "டெய்லரைக் கூப்பிட்டுட்டாங்க," என்றாள்.

அப்பா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "எப்ப?"

"காலைல. நாற்காலி காலி. ஊசி குத்தறதுக்குள்ள ஓடிட்டாராம். நாடாவை மறந்துட்டுப் போயிட்டாரு."

"அப்ப நீதான் முதல்."

"ஆமா."

அவ்வளவு மாதம் கழித்து அப்பா அன்றுதான் அவளைப் பார்த்துச் சிரித்தார். பையைத் திறந்து, துண்டை எடுத்து உதறி, மறுபடி மடித்து வைத்தார். அம்மாவின் கைபேசியை, அவள் வேலைக்குக் கேட்டால் ஒழிய, அன்றிலிருந்து அவர் சட்டைப் பையை விட்டுப் பிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

முதலாவதாக இருந்தபோதுதான் ஊசி விலகியது, கை வீங்கியது, மகள் பாஸ்வேர்ட் தட்டிக் கொடுத்தாள். புதன்கிழமை அம்மாவுக்குக் குளிர் எடுத்தது. வியாழக்கிழமை காலை காய்ச்சலில் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லா வசதியும் இருக்கிறது என்று இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். வார்டுக்கு வெளியே நீல நிற பெஞ்ச், அதில் ஒரு கால் குட்டை. அப்பா உட்கார்ந்தால் மகள் பக்கம் தூக்கும். மூன்று நாள் அப்படித் தூக்கியும் தாழ்ந்தும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, அப்பாவிடம் பேசாமல் மகளிடம் பேசினார். அதிலேயே தெரிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களில் டெய்லரும் இருந்தார். முகத்தில் சதை பிடித்திருந்தது. முகமூடி போட்டுக்கொண்டு, யாரையும் தொடாமல், ஓரமாக நின்றார். யாரோ எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் முகமூடியை இறக்கி, டம்ளரை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். பழக்க தோஷத்தில் பாதியில் நிறுத்தப் பார்த்தார். பிறகு நிறுத்த வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது போல முழுவதையும் குடித்து முடித்தார். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்ததும் டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் போய் வாங்கிக்கொண்டிருக்கலாம். போகவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை. அப்பா வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மகள் அடுப்படியில் இருந்தாள். அவர் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. இரங்கல் சொல்கிறவர்கள் அந்த எண்ணுக்கு இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எடுத்தார்.

ஒரு பெண் குரல் பதிவு எண்ணைச் சொல்லிச் சரிபார்த்தது. அடுப்படி வரை கேட்டது. "உங்க முறை வந்திருக்கு. கிட்னி கிடைச்சிருக்கு. உடனே கிளம்பி வரணும். பேஷன்ட் காலைல ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல," என்றார் அப்பா.

"நல்லது. தண்ணிகூடக் குடுக்க வேண்டாம். அப்படியே கூட்டிட்டு வந்துடுங்க."

மகள் வெளியே வந்தபோது அவர் கதவுக்குப் பின்னால் குனிந்திருந்தார். பையின் கைப்பிடியைப் பிடித்துவிட்டிருந்தார். தூக்கவில்லை. குனிந்தபடியே நின்றார். கைபேசியில் அந்தக் குரல், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா," என்று கேட்டுக்கொண்டிருந்தது. மகள் வாங்கிப் பேசினாள்.

"அவங்க இறந்துட்டாங்க. போன மாசம்."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். "எங்க லிஸ்ட்ல முதல்ல இருக்காங்களே."

"இருப்பாங்க. இறந்துட்டாங்க."

"மன்னிச்சுக்கங்க மேடம். நான் அடுத்தவங்களைக் கூப்பிடறேன்." வைத்துவிட்டாள். இன்னொரு வீட்டில் இப்போது மணி அடித்துக்கொண்டிருக்கும்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பை அவர் மடியில் இருந்தது. அன்று வேன் கிளம்பவில்லை. பிள்ளைகளின் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக ஃபோன் வந்தது. மகள் எடுத்து, இன்றைக்கு வேன் வராது என்று சொன்னாள்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். மறுநாள் அதை அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். மூன்று புள்ளிகளும் பச்சை. ஸ்கிரிப்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது ஆஸ்பத்திரியில் மரணத்தைப் பதிந்த அன்றே அது பார்த்துவிட்டிருக்கிறது. பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறது. மூன்றாவதில் பதிந்தவர், எழுத அனுமதி இல்லை, ஆகவே பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று முடிவு செய்து, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. அம்மாவின் மெயில் பெட்டியில், திறக்கப்படாமல், அம்மாவின் பெயரிலேயே அந்த எச்சரிக்கை இருந்தது. கீழ்க்கண்ட நோயாளி இறந்துவிட்டார், தயவுசெய்து ரெக்கார்டு ரூமுக்கு ஃபோன் செய்யவும்.

அதற்கு மேலே, பிறகு வந்தவை, இன்னும் இரண்டு.

மகள் சாய்கோட்டைக் கூப்பிட்டாள். அம்மாவின் கைபேசியிலிருந்துதான் கூப்பிட்டாள். வேறு எதிலும் அந்த எண் இல்லை.

"சொல்லுங்க மேடம்," என்றார் அவர் உற்சாகமாக. "எங்க ஆளையே காணோம்? ஃபைலை மூடித்தான் வச்சிருக்கேன், சத்தியமா."

"நான் அவங்க பொண்ணு சார்."

சொன்னாள். பின்னால் ஒரு மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு யாரும் சொல்லலையேம்மா," என்றார் கடைசியில். "யாராவது தவறிட்டா உங்க அம்மாதான் ஃபோன் பண்ணிச் சொல்லுவாங்க. இந்தத் தடவை அவங்க..." நிறுத்தினார். "என்ன பேசறேன் நான்."

"எண் சொல்றேன் சார். எடுத்துடுங்க."

அவர் எடுத்தார். மற்ற இரண்டு எண்களையும் சொன்னாள். அவற்றையும் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் தேதி கேட்டு அடித்தார். அடிக்கும்போதே வாய்விட்டுச் சொன்னார், "சின்னக் கோடு, சின்னக் கோடு." மகள் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். அம்மாவின் எண்ணைத் தட்டினாள். அப்படி ஒரு பதிவு இல்லை என்று வந்தது.

"இனிமே யாரும்மா சொல்லுவா எனக்கு?" என்றார் அவர்.

"அம்மா இடத்துக்கு இன்னும் ஆள் போடல சார். எழுதற அனுமதி குடுத்துட்டீங்கன்னா யாரும் சொல்ல வேண்டியதில்ல. ஸ்கிரிப்டே எடுத்துடும்."

"குடுக்கலாம். ஆனா உங்க அம்மா ஆபீஸ் ஆள்தான் வரணும். நேர்ல வந்து, ஐடி கார்டு காட்டி, கையெழுத்துப் போடணும். நீங்க போட்டா செல்லாது."

"தெரியும்."

"மேடம் வர்றேன்னு சொன்னாங்களேம்மா. வியாழக்கிழமை கண்டிப்பா வர்றேன், டீ வாங்கி வைங்க, நான் குடிக்கமாட்டேன், வாசனையாவது பாக்கறேன்னாங்க. கேட்ல நிறுத்துவானுங்களேன்னு அன்னைக்குக் காலைலயே அவங்க பேர்ல பாஸ் எழுதிக் குடுத்துட்டேன். செக்யூரிட்டி மேசைலதான் இருக்கு. இன்னும் யாரும் வந்து வாங்கல."